அடுத்த மனு

மூன்றாவது பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே தவமணிக்கு இடம் கிடைத்திருந்தது. அமராவதி பிடித்துக் கொடுத்த இடம் என்பதால் அந்தக் காற்று அவள் உடம்பில் ஒட்டவில்லை. பதினோரு வருஷமாக இதே கதைதான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக மஞ்சள் பையைப் போட்டு இரண்டு பேருக்குச் சீட்டுப் பிடித்துவிடுவாள் அமராவதி. ஜெயில் வாசலில் முந்திக்கொண்டு ஓடி இரண்டு பேருக்கும் சேர்த்து வரிசையில் நிற்பாள். ஆதார் நகல் எடுக்க மறந்து வந்த அன்று, அவள் பையிலிருந்து தவமணியின் ஆதார் நகலே ஒன்று வெளியே வந்தது, நாலாக மடித்து, ஓரம் கசங்காமல். நல்லவளாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? இப்போது பார், பக்கத்தில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருத்தியின் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அதன் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். குழந்தையும் வெட்கமில்லாமல் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் எழுதியிருந்ததைப் படித்தாள். மனு நேரம் காலை ஒன்பது முதல். மனுதாரர்கள் அமைதி காக்கவும். இந்த இடத்தில் எல்லாமே மனுதான். உள்ளே இருக்கிறவனைப் பார்க்க வந்தால் மனு பார்ப்பது. அதற்கு எழுதிக் கொடுக்கிற தாளும் மனு. உள்ளே இருக்கிறவன் என் உயிரை விட்டுவிடுங்கள் என்று மேலே எழுதிப் போடுவதும் மனு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மனு எழுதி, மனு பார்த்து, கவர்னருக்குப் போட்ட மனு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டு, அந்த ஒரு சொல் வாயில் தேய்ந்து போய்விட்டது. கவர்னர் மனுவும் தை மாதம் தள்ளுபடி ஆகிவிட்டது, தவமணியின் புருஷன் ராசாங்கத்துக்கும் அமராவதியின் புருஷன் கோதண்டத்துக்கும் ஒரே நாளில், ஒரே தாளில். இனி டெல்லி ஒன்றுதான் பாக்கி. தூக்குக் கைதிகளின் வீட்டாரை, மற்ற எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்து, இன்றைக்குத் தன் புருஷனிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தையை நாக்குக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வேண்டாம். அவ்வளவுதான் அந்த வார்த்தை.

வேண்டாம் என்றால் ராசாங்கத்துக்குப் புரியும். போன தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வழக்கம்போல மழை பெய்ததா, மாட்டுக்குச் சினை எத்தனை மாசம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தி, கோதண்டம் விசயத்த அடுத்த மனுவுல சொல்லிடலாம்னு இருக்கேன் தவம், நீ என்னா சொல்றே என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் வார்டர் மேஜையைத் தட்டிவிட்டார். நேரம் முடிந்தது. அடுத்த மனு என்றால் இன்றைக்கு. பதினைந்து நாள் கொடுத்திருக்கிறான் யோசிப்பதற்கு. பதினோரு வருஷமாக அவளிடம் எதையும் கேட்காதவன், வாழ்க்கையில் முதல் தடவையாக நீ என்னா சொல்றே என்று கேட்டதற்குச் சந்தோஷப்படுவதா, கேட்ட விஷயத்துக்காக மண்ணில் புரண்டு அழுவதா என்று தெரியாமல் அவள் அந்தப் பதினைந்து நாளும் சோறு வடிப்பதும் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவதுமாக இருந்தாள். கோதண்டம் விசயம் என்று அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கோதண்டம் அன்றைக்கு வரவில்லை. முந்திரித் தோப்பு வீட்டில் அந்த வயசான புருஷன் பெண்டாட்டியும் உதவிக்கு இருந்த பெண்ணும் செத்துப்போன அன்று, அந்த வீட்டு வாசலில் கோதண்டத்தின் குட்டியானை வண்டி நின்றது. ஆனால் ஓட்டிக்கொண்டு போனவன் ராசாங்கம். சாவி எப்போதும் கோதண்டம் வீட்டு வாசல் ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். திருடத்தான் போனான், அவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர அவன் அவளிடமும் வேறு எதுவும் சொன்னதில்லை. ராசாங்கத்தைப் பிடித்த பிறகும், ஒரே ஆள் மூன்று பேரை எப்படி என்று போலீசுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டி யாருடையது என்று பார்த்தார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை இழுத்துக்கொண்டு போய், நாலு நாள் வைத்திருந்து, அவன் வாயாலேயே போனேன் என்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் கோர்ட்டில் எத்தனை தடவை இல்லை என்று கத்தினாலும் நாலு நாள் கழித்துச் சொன்னதுதான் நின்றது. கோதண்டம் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் நான் போனேன் என்று சொல்ல வேண்டும். ராசாங்கம் போகவே இல்லை என்று சாதித்தவன். அதனால் சொல்லவில்லை. அவ்வளவு எளிமையான கணக்கு அது, இரண்டு பேரின் கழுத்தை வைத்துப் போட்டது.

வெளியே மதிலுக்குப் பக்கத்தில் எவனோ குப்பையைக் கொளுத்தியிருக்கிறான். ஃபினாயில் வாடையைத் தாண்டிக்கொண்டு அந்தக் கரிந்த நாற்றம் உள்ளே வந்தது, துணியோ பிளாஸ்டிக்கோ. தவமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டெரிகாட்டன் எரிந்தால் இப்படித்தான் நாறும். சுருங்கும், உருகும், சொட்டுச் சொட்டாக விழும், ஆனால் சாம்பலாகாது. அன்று விடியற்காலையில் ராசாங்கம் வந்து வெந்நீர் வை என்று மட்டும் சொன்னான். வைத்தாள். சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். ஈரமாக இருந்தது. என்ன ஈரம் என்று அவள் கேட்கவில்லை. கொல்லையிலிருந்த வெந்நீர் அடுப்பிலேயே அதைத் திணித்தாள். பொத்தான்கள் மட்டும் எரியாமல் கிடந்தன, ஐந்து பொத்தான். ஆறாவது எங்கே என்று அவள் சாம்பலைக் குச்சியால் கிளறிக் கிளறித் தேடியதுதான் இன்றைக்கும் கனவில் வருகிறது. செத்துப்போன மூன்று பேரும் வருவதில்லை. அந்த வீட்டு அம்மாள் ஒரு தடவை கொட்டை திருகிய முந்திரிப் பழத்தை ஒரு கூடை நிறைய அவளுக்குக் கொடுத்து, புள்ளைக்குக் குடு, தொண்டை கரகரங்கும், பாத்துக் குடு என்று சொன்னவள். அவள் கனவில் வந்தாலாவது காலில் விழலாம். வருவதில்லை. ஆறாவது பொத்தான்தான் வருகிறது. மூக்கைப் பொத்திய முந்தானைக்குள் தவமணி மூச்சுவிட்டாள், தன் வியர்வையின் வாடையே பரவாயில்லை போலிருந்தது. என்னக்கா, தலை சுத்துதா என்று அமராவதி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். உடனே தண்ணீர் பாட்டில் நீண்டது. வாங்காமல் இருக்க முடியவில்லை. குடித்தாள். இதே தண்ணீர் பாட்டில்தான், இல்லை, அது வேறு பாட்டில், ஆனால் இதே கைதான் அன்றைக்குச் செஷன்ஸ் கோர்ட்டு வராந்தாவிலும் நீண்டது. கூண்டில் ஏறி என்ன சொல்வது என்று தெரியாமல் தவமணி நின்ற நாள். நீ என்னா சொல்லப் போறே அமரா என்று கேட்டாள். என்னாத்தக்கா சொல்றது, நடந்ததத்தான், அன்னிக்கு ராத்திரி எங்க வூட்டுக்காரர் வூட்டுலதான் இருந்தாருன்னு சொல்லப் போறேன் என்றாள் அமராவதி, ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. முதலில் கூப்பிட்டது தவமணியை. ராசாங்கம்தானே முதல் எதிரி. ஏறினாள். வக்கீல் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து போயிற்று. வாயில் வந்தது இரவல் வாங்கிய அந்த வாக்கியம்தான். அன்னிக்கு ராத்திரி எங்க வூட்டுக்காரர் வூட்டுலதான் இருந்தாரு. பத்து நிமிஷம் கழித்து அமராவதி ஏறி, தன்னுடைய சொந்த வாக்கியத்தை, எழுத்து மாறாமல் அதையே சொன்னாள். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். கணவர்களைக் காப்பாற்றும் நோக்கில் மனைவியர் இருவரும் ஒரே பாடத்தை ஒப்பித்திருக்கிறார்கள் என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது. யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போன பாடம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்த ஒரு வரிக்காக அமராவதி அவளை வெட்டிப் போட்டிருக்கலாம். போடவில்லை. பஸ்ஸில் சீட்டுப் போட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. தவமணிக்கு அமராவதியைக் கண்டால் வயிறு எரியும், இன்று நேற்று அல்ல. அடுத்தடுத்த கொல்லைதான் இரண்டு வீடும். கல்யாணமாகி வந்த புதிதில் ராசாங்கம், கோதண்டம் பொண்டாட்டி வைக்கிற கருவாட்டுக் குழம்பு தெரு முழுக்க மணக்குது என்று ஒரு தடவை சொன்னான், அன்றைக்கே எரிய ஆரம்பித்தது. ஆனால் அந்த எரிச்சல் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற எரிச்சல், ஒரு குழம்போடு ஆறிப்போகும். இது அப்படியல்ல. அமராவதி அழுதால் அழுகை வருகிறது. பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு வாசல், மாரியம்மன் கோவில், எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து, பசிக்குதுக்கா என்பாள். தவமணிக்கு வருவதில்லை. தொண்டை வரைக்கும் வந்து, எதற்கு, யாருக்கு, என்ன செய்தான் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். திரும்பி வருகிற பஸ்ஸில் அமராவதி வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள், ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க. பதினோரு வருஷத்தில் தவமணி அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. அவள் புருஷன் செய்யவில்லை. அது தெரிந்த தூக்கம் அது. பட்டினி கிடந்தாலும், தாலி நாளைக்கே அறுந்தாலும், அந்தத் தூக்கம் அவளுடையது. சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மா வருகிறாள், சின்னப் பெண், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு. வந்ததும் அமராவதியைக் கட்டிக்கொள்வாள். தவமணியைப் பார்த்து வணக்கம் வைப்பாள். கட்டிக்கொள்வதற்கும் வணக்கத்துக்கும் நடுவில் எத்தனை மைல் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கோதண்டம் படம் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள், நிரபராதியை விடுதலை செய் என்று. ஒரு பத்திரிகையில் அமராவதியும் மகளும் வாசலில் உட்கார்ந்திருக்கிற படம் வந்தது. அந்த மகள் நர்சிங் முடித்து, அப்பாவுக்கு வாரம் ஒரு கடுதாசி போடுகிறாள். தவமணியின் மகன் திருப்பூரில் இருக்கிறான். இனிஷியலை மாற்றிக்கொண்டுவிட்டான், அப்பாவின் ‘ரா’வை எடுத்துவிட்டு அம்மாவின் ‘த’வைப் போட்டுக்கொண்டான். அதைப் போனில் சொன்னபோது, உனக்குப் பெருமைதானே என்று கேட்டான். செய்யாதவனின் பெண்டாட்டிக்கு ஊர் இருக்கிறது. செய்தவனின் பெண்டாட்டிக்கு யார் இருக்கிறார்கள்? கழுத்து என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கயிறும் ஒன்றுதான். இதில் தவமணிக்கு ஒரு கள்ளக் கணக்கு இருந்தது, அதை அவள் தனக்குள்கூட உரக்கச் சொன்னதில்லை. கோதண்டத்துக்காக இத்தனை பேர் கத்துகிறார்கள் அல்லவா, அந்தக் கத்தலில்தான் ராசாங்கத்தின் கயிறும் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கேஸ். சந்தேகம் இருக்கிற கேஸில் சட்டென்று எதையும் செய்துவிட மாட்டார்கள். கோதண்டம் வெளியே போய்விட்டால் கத்துகிறவர்கள் எல்லோரும் வெற்றி என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவார்கள். உள்ளே இருப்பவன் ராசாங்கம் மட்டும். சந்தேகமே இல்லாதவன், தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவன். அவனுக்காக யார் நோட்டீஸ் அடிப்பார்கள், செய்தவனையும் விடு என்று? அதனால்தான் வேண்டாம். அதனால்தானா? வேறு ஒன்றும் இல்லையா? கோதண்டம் வெளியே வந்து, தெருமுனையில் பட்டாசு வெடித்து, அமராவதி வாசலில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நிற்பாள், தவமணி கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு மணக்கும். அந்த மணத்தை நினைத்ததும் நாக்குக்கு அடியில் இருந்த வார்த்தை இன்னும் கெட்டியானது. ஆமாம், அதனாலும்தான்.

கோதண்டம் வீட்டாள் யாரும்மா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அமராவதி குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். எழுந்ததும் அவள் செய்வது ஒன்று உண்டு. ரவிக்கைக்குள்ளிருந்து குட்டிச் சீப்பை எடுத்து முன்னந்தலையை மட்டும் இரண்டு இழு இழுப்பாள். முடி இன்னும் கருப்பு. தூக்கு மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு எதற்குடி இந்த அலங்காரம் என்று தவமணி ஒவ்வொரு தடவையும் நினைப்பாள், நினைத்துவிட்டுத் தன் தலையைத் தடவிப் பார்ப்பாள். பையப் பாத்துக்கக்கா என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மஞ்சள் பை தவமணியின் மடியில் கனத்தது. உள்ளே தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பொட்டலம், நாலாக மடித்த காகிதங்கள். பதினோரு வருஷத்தில் எவனோ சாவிய எடுத்திருக்கான்க்கா என்று அமராவதி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? நூறு, இருநூறு. எவனோ. அந்த எவனோவைப் பிடித்துக்கொண்டுதான் தவமணி இத்தனை காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாது. நல்லவளுக்கு எதுவும் தெரியாது, பாவம், பேதை. பேதையாக இருப்பதில் எவ்வளவு நிம்மதி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து இதே பேதையோடு ஒரே சீட்டில் எப்படி உட்கார்வது? உட்காரலாம். இத்தனை நாள் உட்காரவில்லையா? ஆனால் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தது அவன். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப் போவது அவள். அவன் கையில் மூன்று பேர். அவள் கையில் ஒருவன், ஆணியில் சாவி மாட்டியதைத் தவிர வேறு பாவம் அறியாதவன். அவனுடைய கழுத்து, அந்தக் கழுத்தில் ஒரு மரு இருக்கும், காதுக்குக் கீழே, வண்டி ஓட்டும்போது அதைச் சொறிந்துகொண்டே ஓட்டுவான், தவமணிக்கு இடுப்பு வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அந்தக் குட்டியானையில்தான் கொண்டுபோனான், பள்ளத்தில் ஏற்றி இறக்கும்போதெல்லாம் பொறுத்துக்க தங்கச்சி, பொறுத்துக்க தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே. இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும்? வேண்டாம். ராசாங்கம் இருக்கட்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கட்டும். அது போதும். தப்பா அது? ராசாங்கம் வீட்டாள் என்று கூப்பிட்டார்கள். அமராவதி எதிரே வந்து பையை வாங்கிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது, அழுது முடித்திருக்கிறாள், ஆகவே இப்போது பசிக்கும். டீக்கடையில நிக்கறேன்க்கா என்றாள்.

ராசாங்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் வார்டர். தவமணி போனை எடுப்பதற்கு முன்பே அவன் முகத்தில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. எங்கே பார்த்திருக்கிறோம் இந்த முகத்தை என்று தேடினாள். பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலை இடிக்க வாயைத் திறந்து கிடக்கிற முகம். தூங்கி எழுந்த முகம். அவனுக்குத் தூக்கம் வந்திருக்கிறது. அவள் போனைக் காதில் வைத்து, மழையையும் மாட்டையும் பேசாமல், தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

"எழுதி அனுப்பிச்சிட்டேன் தவம்," என்றான் அவன்.

எதை என்றாள். அதான் போன தடவை சொன்னேனே, கோதண்டம் விசயத்த அடுத்த மனுவுல சொல்லிடறேன்னு, டெல்லி மனு, போன செவ்வாக்கிழமை போயிடுச்சு என்றான். அடுத்த மனுன்னா இன்னிக்கின்னு நெனச்சேன் என்றாள் அவள். அவன் கொஞ்சம் விழித்தான், பிறகு புரிந்துகொண்டான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். சத்தம் வரவில்லை, போனில் மூச்சு மட்டும் வந்தது. அவள் பதினைந்து நாள் பாதுகாத்து வைத்திருந்த வார்த்தை வாயில் கிடந்தது, கேட்க ஆளில்லாமல். உங்களுக்கு டெல்லியில இரக்கம் காட்டுவாங்கன்னு இருந்தேனே என்று எதையோ உளறினாள். எனக்கு எதுக்கு என்றான், வெகு சாதாரணமாக. பிறகு குரலைத் தாழ்த்தாமலே, வார்டர் கேட்கட்டும் என்பதுபோலச் சொன்னான்.

"நான் சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்க. கூட்டாளியக் காப்பாத்தப் பாக்கறான்னுவாங்க. சட்டையப் பத்தியும் எழுதிருக்கேன். ஒன்னைய வந்து கேப்பாங்க. நீ ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. ஒன் இஷ்டம்."

பிறகு மாடு கன்று போட்டதா என்று கேட்டான். போட்டது என்றாள். கிடேரியா என்றான். ஆமாம் என்றாள். மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் எழுந்தபோது அவனுடைய தோள் இரண்டும் தளர்ந்து, சுமையை யாரிடமோ இறக்கிக் கொடுத்துவிட்டவனின் தோளாக இருந்தது. வராந்தாவில் நடந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பயமும் இன்னும் வரவில்லை. வந்தது எரிச்சல். அதே பழைய வயிற்றெரிச்சல், இந்தத் தடவை புருஷன் மேல். இவனும் அந்தப் பக்கம் போய்விட்டான். கோதண்டம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தான். அமராவதி அங்கே. அந்தச் சின்ன வக்கீலம்மா அங்கே. இப்போது மூன்று கொலை செய்தவனும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, கிடேரியா காளையா என்று விசாரிக்கிறான். பொய்யை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். யார் வாயிலிருந்தோ எடுத்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு வருஷமாக மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். இல்லை என்று சொன்னால் அவன் உளறினான் என்று ஆகிவிடும். அப்படியே போகும், மனு, தள்ளுபடி, மனு. அவன் இருப்பான், இன்னும் கொஞ்ச நாள். ஆமாம் என்று சொன்னால் போய்விடுவான். அதைச் சொன்ன வாயோடு அடுத்த தடவை இந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். செக்யூரிட்டி அம்மாள் டோக்கனைத் திருப்பிக் கேட்டாள். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தவமணி இடுப்பு, ரவிக்கை, முந்தானை முடிச்சு எல்லாம் தேடினாள். கையிலேயே இருந்தது.

டீக்கடை பெஞ்சில் அமராவதி இரண்டு கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள். தவமணியின் டீ ஆறாமல் இருக்க அதன்மேல் பிஸ்கட் பொட்டலத்தை வைத்து மூடியிருந்தாள். குப்பை எரிந்த நாற்றம் சாலைக்கு இந்தப் பக்கம் இன்னும் அதிகமாக இருந்தது. என்னக்கா சொன்னாரு அண்ணன் என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சாப்பிட்டியான்னு கேட்டாரு என்று தவமணி ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சொல்ல வாய் திறந்தாள். எதிரே அந்தக் கருப்பு முடி, அழுது கழுவிய முகம், பசி. எல்லாம் இவளுக்கே இருக்கிறது. ஒரே ஒரு உண்மையான வாக்கியமாவது எனக்கு இருக்கக் கூடாதா?

"அன்னிக்கு ராத்திரி எங்க வூட்டுக்காரர் வூட்டுல இல்ல அமரா."

அமராவதி கிளாஸைக் கீழே போடவில்லை. மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள். அடியில் தேங்கியிருந்த சர்க்கரையையும் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"தெரியும்க்கா," என்றாள். "விடியக்காலைல உங்க கொல்லையில துணி எரிஞ்ச நாத்தம் எங்க வூட்டுக்குள்ள வந்துச்சு. போலீஸ்ல சொன்னேன். நாத்தத்தையெல்லாம் எழுத முடியாதுன்னுட்டாங்க."

எவனோ என்று இவள் சொன்ன நூறு தடவையும், இருநூறு தடவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது தவமணிக்கு இப்போதுதான் உறைத்தது. பிடித்து வைத்த சீட்டுகள், வாங்கித் தந்த தோசைகள், கசங்காமல் மடித்து வைத்திருந்த ஆதார் நகல். பேதை என்று நினைத்தாளே. தெரிஞ்சுமாடி என் கூட வந்தே என்று கேட்டாள், குரல் தன்னுடையதுபோல இல்லை.

"சொல்றதுன்னா நீ ஒருத்திதான் சொல்ல முடியும். வேற யாரு கூட நான் வர்றது?" என்றாள் அமராவதி. அவள் குரலில் கோபம் இருந்தது. பதினோரு வருஷத்தில் தவமணி கேட்டிராத கோபம், மிகவும் பழையது, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அவள் அதைக் காட்டாமல் சீட்டுப் போட்டிருக்கிறாள்.

பஸ் வந்தது. அமராவதி ஓடினாள், வழக்கம்போல ஜன்னல் வழியாகப் பையைப் போட்டாள், ஏறினாள். தவமணி கூட்டத்தோடு கடைசியாக ஏறி உள்ளே போனாள். அமராவதி ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெயில் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சீட்டில் மஞ்சள் பை இருந்தது. அது தனக்காகப் பிடித்து வைத்த இடமா, தன்னை உட்கார விடாமல் வைத்த பையா என்று தவமணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் இப்போதுதான் வந்தது. ராசாங்கத்தின் கழுத்து. அவனுக்கு மரு இல்லை, வெறும் கழுத்து, முடிவெட்டிக்கொண்டு வந்த நாளில் அவள் துண்டால் துடைத்துவிடுகிற கழுத்து. கண்டக்டர் விசில் கொடுத்தார். அமராவதி மதிலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வந்து கேட்டா எழுதிக் குடுப்பியா? கையெழுத்துப் போடுவியா?"

"போடுவேன்," என்றாள் தவமணி.

அமராவதி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தவமணி உட்கார்ந்தாள். மதிலைத் தாண்டிய பிறகும் அமராவதி தூங்கவில்லை. கோதண்டம் வெளியே வந்துவிட்டால் இவள் இந்த பஸ்ஸில் ஏற வேண்டியதில்லை. வயிறு மறுபடியும் எரிந்தது. அதற்கு அடுத்த மனுவுக்கு முண்டியடித்துக்கொண்டு ஓட வேண்டும், எக்கி நின்று ஜன்னல் வழியாகத் தன் பையைத் தானே போட வேண்டும், தனக்கு மட்டும் ஒரே ஒரு சீட்டுப் பிடிக்க வேண்டும் என்று தவமணி நினைத்துக்கொண்டாள்.